அம்மா சொன்ன ஓம்

1

இன்று பத்தொன்பதாவது நாள். இருபத்தெட்டு வரை எண்ணவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நான் கவனிக்கவேண்டியவை என்று சுகாதார நிலையத்தில் ஒரு தாள் தந்தார்கள். அதில் மூன்று விடயங்கள்தான் இருக்கின்றன: காலையும் மாலையும் காய்ச்சல் பார்ப்பது, தோலைப் பார்ப்பது, கர்ப்பிணிகள் இருக்கும் இடங்களைத் தவிர்ப்பது. மூன்றாவதை வாசித்தபோது சிரித்துவிட்டேன். எனக்கே ஐந்தாம் மாதம் நடக்கிறது. என்னைத் தவிர்த்து நான் எங்கே போவது?

வேலைக்கும் போகக்கூடாது. சும்மா இருந்தால் கை தானாகக் கழுத்தைத் தடவிப் பார்க்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருகோணமலை சல்லியைச் சேர்ந்தவள். நோர்வேயின் வடக்கில் ஒரு சிறிய மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து ஆறு வருடமாகிறது. ஊரில் மின்னியல் டிப்ளோமா படித்தேன். இங்கே அதைப் பாதிதான் ஏற்றுக்கொண்டார்கள். மீதியைத் திரும்பப் படித்து, இப்போது மீன் ஆலை ஒன்றில் குளிர் அறைகளின் மின் வேலைகளைப் பார்க்கிறேன். கணவர் வசந்தன் கிளிவெட்டிக்காரர். வயல்காரர் வீட்டுப் பிள்ளை, இங்கே மீன் வளர்க்கும் கூடுகளுக்குப் போய்வரும் படகில் வேலை செய்கிறார். இரண்டு கிழமை கடலில், இரண்டு கிழமை வீட்டில். மகள் நிலாவுக்கு ஏழு வயது, மகன் ஆதிக்கு நான்கு.

2

பனிக்காலத்தில் ஒரு பிள்ளையை வீட்டுக்கு வெளியே அனுப்பப் பதினொரு உருப்படிகள் வேண்டும். உள்ளுடுப்பு, கம்பளி மேலுடுப்பு, கம்பளிக் காற்சட்டை, இரண்டு சோடி காலுறை, கழுத்துறை, பனியுடுப்பு, உள்கையுறை, வெளிக்கையுறை, தொப்பி, சப்பாத்து, ஒளிபட்டால் மின்னும் பட்டி. இரண்டு பிள்ளைகள் என்றால் இருபத்திரண்டு. முதல் வருடம் பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். பட்டியலில் இல்லாத பன்னிரண்டாவது விடயம், எல்லாம் போட்டு முடிந்தபின் ஆதி சொல்வது: “அம்மா, சூ வருது.”

இவ்வளவும் இருட்டில் நடக்கும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இங்கே சூரியன் எழும்பாது. பத்து மணிபோல வானம் நீலமாகும், ஒரு மணிக்குத் திரும்ப இருண்டுவிடும். பனியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணி போட்டுக் குடிப்பதற்குள் வாசல் மறுபடி மூடியிருக்கும். அம்மாவுக்கு வீடியோவில் காட்டினால், “அதை ஏன் அள்ளுறாய், விடு, தானாக் கரையும்” என்பார். ஏப்ரல் வரை கரையாது என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் அதையே சொல்கிறார்.

அந்த வியாழக்கிழமை ஆதிக்குக் காய்ச்சல் காய்ந்தது. வசந்தன் முதல்நாள்தான் படகில் போயிருந்தார். வெள்ளி காலை உடுப்பு மாற்றும்போது கொப்புளங்கள்: வயிற்றில் நான்கு, முதுகில் ஏழு, தலைமயிருக்குள் ஒன்று. தண்ணீர்த்துளி ஒட்டியதுபோல இருந்தன.

ஆதி போகும் நேசறியிலிருந்து வரும் தகவல்கள் எல்லாம் கைத்தொலைபேசிக்கு வரும். கிழமைக்கு நாற்பது வரும்: கையுறை போதாது, வெள்ளிக்கிழமை சூப், பெயர் எழுதாத சப்பாத்து ஒன்று கிடக்கிறது. தேடிப் பார்த்தேன். இரண்டு கிழமைக்கு முன்னர் ஒன்று வந்திருந்தது. “ஒரு பிள்ளைக்குக் கொப்புளிப்பான். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் மருத்துவிச்சியோடு கதைக்கவும்.” அதை நான் திறந்திருக்கிறேன். வாசித்ததாக அடையாளமும் இட்டிருக்கிறேன். சூப்புக்கும் சப்பாத்துக்கும் நடுவில் அது போய்விட்டது.

3

மருத்துவிச்சிக்குத் தொலைபேசி எடுக்குமுன் அம்மாவுக்குத்தான் வீடியோவில் எடுத்தேன். அங்கே மதியம். அம்மா ஆதியின் வயிற்றை ஒருதரம் பார்த்தார், உடனே இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

“அம்மாள் வந்திருக்கிறா, பிள்ளை. வாயால வேற பேர் சொல்லிப்போடாத.”

எங்கள் பக்கத்தில் இந்தச் சின்னம்மை வருத்தம் வந்தால் அம்மன் வீட்டுக்கு வந்ததாகத்தான் சொல்வார்கள். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை, வெளியாட்களை வீட்டுக்குள் எடுப்பதில்லை, வேப்பிலையால்தான் தடவுவது. கொப்புளங்கள் காய்ந்தபின் வேப்பிலை போட்ட தண்ணீர் வார்த்து அனுப்பிவைப்பார்கள்.

நிலா பக்கத்தில் நின்று கேட்டாள். “அம்மம்மா, ஆர் வந்தது? அவ எங்க படுக்கிற? என்ட அறையில ஏலாது.”

“சும்மா இரடி, தெய்வம்.”

“எவ்வளவு நாள் நிக்கிற?”

நிலாவுக்கு விருந்தாளிகள் பிடிக்காது. அவளுடைய கட்டிலைத்தான் எப்போதும் கொடுக்கவேண்டி வரும்.

வேப்பிலை இல்லையே என்றேன். குளிர்பெட்டியில் கருவேப்பிலை இருந்தது. அன்றைக்குக் கடலில் சிக்னல் கிடைத்த ஐந்து நிமிடத்தில் வசந்தன் சொன்னார்: “அதைக் கட்டும். இந்தக் குளிருக்குள்ள இவ்வளவு தூரம் வந்தவ, கருவேப்பிலைக்கா கோவிக்கப்போறா?” அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை. மூன்று பெட்டி கொட் மீனை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவைத்தேன். மச்சம் ஒதுக்குவதில் என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பிறகுதான் மருத்துவிச்சிக்கு எடுத்தேன். அவர் நிதானமானவர். ஆதியைப் பற்றி ஒரு நிமிடமும் கதைக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உங்களுக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறதா?”

வந்திருந்தால் கவலையில்லை, உடம்பில் எதிர்ப்பு இருக்கும். வராவிட்டால் அவசரம். கர்ப்பிணிக்கு வந்தால் நுரையீரலைத் தாக்கலாம், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் போகலாம். அரிதுதான், ஆனால் பாரதூரமானது. வெப்பமான நாடுகளில் வளர்ந்த பலருக்குச் சின்ன வயதில் வருவதில்லை என்பதால்தான் உங்களிடம் வற்புறுத்திக் கேட்கிறேன் என்றார்.

எனக்குத் தெரியவில்லை. என்னுடைய கிளினிக் அட்டையைக் கடல் கொண்டுபோய்விட்டது. சுனாமியில் எங்கள் வீட்டில் மிஞ்சியவை கிணற்றுக்கட்டும் ஒரு கதிரையும்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

“அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.”

“கேளுங்கள். அம்மாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் போதும். ரத்தம் பார்க்கத் தேவையில்லை.”

திரும்ப எடுத்தேன். “அம்மா, எனக்கு அம்மாள் வந்ததா? யோசிச்சுச் சொல்லுங்கோ.”

அம்மா யோசிக்கவே இல்லை. “ஓம், வந்தது. கடல் வந்த பிறகு பள்ளிக்கூடத்தில தங்கியிருந்தமெல்லே, அங்க. நான்தான் தண்ணி வாத்தனான்.”

“நிச்சயமா?”

“பெத்த எனக்குத் தெரியாதா? போய்ப் பிள்ளையப் பார். நீ பயப்பிடாத.”

மருத்துவிச்சியிடம் ஓம் என்றேன். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நல்லது, நல்ல வார இறுதி என்று வாழ்த்தி வைத்துவிட்டார்.

சனியும் ஞாயிறும் ஆதியை மடியில் வைத்திருந்தேன். சொறியக்கூடாதென்று அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவன் மூச்சு என் முகத்தில் பட, பக்கத்திலேயே படுத்தேன். இந்தப் பனிக்காலத்திலேயே நான் நிம்மதியாக இருந்த இரண்டு நாட்கள் அவை.

4

திங்கட்கிழமை அக்கா எடுத்தா. அக்கா கப்பல்துறையில் இருக்கிறா, ஆசிரியை, என்னைவிட நான்கு வயது மூத்தவ.

“அம்மா சொன்னா, ஆதிக்கு அம்மாளாம். எனக்கு வந்தது ஞாபகம் இருக்கா? அந்தப் பள்ளிக்கூடத்து வாங்கில கிடந்து நான் பட்ட பாடு. இப்பவும் நெத்தியில தழும்பு கிடக்கு.”

“எங்களுக்கு எண்டு சொல்லுங்கோ. எனக்கும்தானே வந்தது.”

“உனக்கா? நீ அங்க எங்க நிண்டனீ? எனக்கு வந்த அண்டைக்கே உன்னை இறக்கக்கண்டிக்குப் பெரியம்மா வீட்ட ஏத்தி விட்டவையெல்லே. ஒரு மாசம் கழிச்சுக் கொழுத்துப்போய் வந்தாய். நான் எலும்பாக் கிடந்தன். அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகேல்ல.”

அக்கா சிரித்தா. அவ வைத்ததும் மருத்துவிச்சிக்கு எடுத்தேன்.

பெரியம்மா வீடு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பெரியம்மா தின்னத் தந்த முட்டைமா, பெரியப்பாவின் ரேடியோ, கடலைப் பார்க்கப் பயந்து நான் பின்பக்கமாகவே விளையாடியது. ஏன் அங்கே அனுப்பினார்கள் என்பதைமட்டும் நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

5

செவ்வாய் காலை ரத்தம் எடுத்தார்கள். ஆதியை உள்ளே கொண்டுபோகக் கூடாது, விட்டுவரவும் ஆள் இல்லை. அதனால் தாதி ஒருவர் பின்கதவால் காருக்கு வந்தார். முன் இருக்கையில் நான் சட்டைக்கையைச் சுருட்டினேன். பின் இருக்கையில் ஆதி தன் கையிலிருந்த கொப்புளங்களை எண்ணிக்கொண்டிருந்தான், தமிழில் பத்து வரை, அதன்பிறகு நோர்வேஜிய மொழியில். தாதியின் தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. எதிர்ப்பு இல்லையென்றால் முதல் தொடர்பிலிருந்து பத்து நாட்களுக்குள் ஊசி போடவேண்டும், எவ்வளவு வேளைக்கோ அவ்வளவு நல்லது என்றார். ஆதிக்குக் காய்ச்சல் வந்த வியாழனிலிருந்து எண்ணினால் அன்று ஆறாவது நாள்.

ரத்த மாதிரி பரிசோதனைக்கு நகரத்துக்குப் போகவேண்டும். மதியத்தோடு புயல் தொடங்கியது. விமானம் இறங்கவில்லை. மலைப்பாதையை மூடும் தடுப்பு இறங்கிவிட்டது. புதன் முழுவதும் அப்படியே. என் ரத்தம் சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியில் நான்கு பாகையில் இருந்தது. குளிரைச் சரியான அளவில் வைத்திருப்பதுதான் என் தொழில். ஒரு அறையில் வெப்பநிலை அரைப் பாகை ஏறினால் எனக்கு எச்சரிக்கை வரும். எந்த மின் ஆளியை மாற்றவேண்டும், எந்த இணைப்பைப் பார்க்கவேண்டும் என்பது தெரியும். இங்கே தொடுவதற்கு ஒன்றும் இல்லை. அரை மணிக்கு ஒருதரம் வீதி நிலவரம் பார்த்தேன். தடுப்பு, தடுப்பு, தடுப்பு.

வசந்தனின் படகு வேறொரு குடாவுக்குள் ஒதுங்கியிருந்தது. “நான் வந்தும் என்ன செய்யப்போறன்?” என்று கேட்டார். பிறகு, “இல்லை, வரவேணும்தான். வரேலாமக் கிடக்கு” என்றார். அதோடு தொடர்பு விட்டுவிட்டது.

அந்தப் புதன்கிழமைதான் சூரியன் திரும்பிவரும் நாள். பாடசாலைகளில் அன்று பிள்ளைகளுக்கு நடுவில் மஞ்சள் கிறீம் வைத்த இனிப்புப் பனிஸ் கொடுப்பார்கள். புயலில் யாருக்கும் சூரியன் தெரியவில்லை, பனிஸை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். நிலா ஆதிக்கும் ஒன்று கொண்டுவந்தாள். “அம்மா, நீங்கள் ஏன் ஹேப்பி இல்லை? இண்டைக்கு சூரியன் வந்தது.” நான் ஜன்னலைப் பார்த்தேன். “வந்ததுதான் அம்மா. டீச்சர் சொன்னா.”

வியாழன் பனி தள்ளும் வண்டியின் பின்னால் வரிசையாக வாகனங்களை விட்டார்கள். அதில் என் ரத்தமும் போனது. வெள்ளி மாலை பதில் வந்தது. எதிர்ப்பு இல்லை. எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

6

அம்மாவுக்கு எடுத்தேன். குரலை உயர்த்தக்கூடாது என்று முதலே தீர்மானித்திருந்தேன்.

“ரத்தத்தில ஒண்டும் இல்லையாம் அம்மா. எனக்கு வரவே இல்லை.”

அக்கா சொல்லியிருக்கவேண்டும், அம்மா கேட்டார்: “அப்ப ஊசி போடுவினமோ?”

“ஏன் ஓம் எண்டு சொன்னனீங்கள்? மறந்துபோனீங்களா?”

“மறக்கிற விசயமா அது? உன்னைப் பெரியம்மாவோட பஸ் ஏத்தினதும் நான்தான்.”

“அப்ப ஏன்?”

“வயித்தில பிள்ளையோட நிக்கிறாய். மனுசனும் கடல்ல. நடுங்கி நடுங்கிக் கேக்கிறாய். நான் என்னத்தச் சொல்லுறது? இல்லை எண்டு சொல்லி, நீ தலைசுத்தி விழுந்தா அங்க தூக்க ஆர் இருக்கினம்?”

“நான் பயத்தில கேக்கேல்ல. அவை பதியிறதுக்குக் கேட்டவை. நீங்கள் இல்லை எண்டு சொல்லியிருந்தா புயலுக்கு முதலே ஊசி போட்டிருப்பினம்.”

இந்தக் கடைசி வசனத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அம்மா அழவில்லை. “எனக்கென்ன தெரியும் பிள்ளை,” என்றார். “இல்லை எண்டு சொன்னா அதுக்கு ஒரு மருந்து இருக்கெண்டு.”

7

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிள்ளை வயிற்றில் இருப்பவளிடம் யாரும் கெட்டது சொல்வதில்லை.

எனக்கு எட்டு வயதில், சல்லியில் எங்கள் பக்கத்து வீட்டு இராசமலர் அக்காவின் கணவருடைய வள்ளம் திரும்பி வரவில்லை. அவவுக்கு அப்போது எட்டு மாதம். கரையில் நின்ற எல்லாப் பெண்களும் ஒரே பொய்யைச் சொன்னார்கள்: வள்ளம் இறக்கக்கண்டிப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதாம், பார்த்த ஆட்கள் இருக்கிறார்களாம். யாரும் பார்க்கவில்லை. எங்கள் அம்மா ஒருபடி மேலே போய், அவர் வந்தால் பசியோடு வருவார் என்று இராசமலர் அக்காவைக் கொண்டே சோறு வடிக்கவைத்தார். அவ வடித்தா, சாப்பிட்டா, படுத்தா. மூன்றாம் நாள் அவர் வந்தார். பிள்ளையும் சுகமாகப் பிறந்தது. அதனால் அதைப் பொய் என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் கரையில் உண்மை தெரிந்திருந்தாலும் இராசமலர் அக்காவால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. தேடப் போக வள்ளமில்லை, கேட்க ஆளில்லை. அப்படியான இடத்தில் நல்ல வார்த்தைதான் மருந்து. அம்மா எனக்கும் அந்த மருந்தைத்தான் தந்தார். இங்கே பதிவேட்டில் அதற்கு இடம் இல்லை. இருந்தவை ஆம், இல்லை என்ற இரண்டு பெட்டிகள்தான். நான் அம்மாவின் ஆறுதலை எடுத்து அதில் ஒன்றுக்குள் போட்டேன். பிழை அம்மாவுடையதா என்னுடையதா என்று பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் பட்டியல் நீள்கிறது.

8

சனிக்கிழமை, பத்தாவது நாள், நகரத்திலிருந்து வந்த ஊசியைப் போட்டார்கள். வைத்தியர் பொய் சொல்லவில்லை. இது வராமல் தடுக்கலாம், வந்தாலும் கடுமையைக் குறைக்கலாம், இவ்வளவு பிந்திப் போட்டதால் உறுதி தரமுடியாது, இருபத்தெட்டு நாள் பார்ப்போம் என்றார். அவர் சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதினேன். வாசிக்க வாசிக்க, இப்படியா முகத்துக்கு நேரே சொல்வது என்றுதான் மனம் கேட்டது. உண்மை வேண்டும் என்று அம்மாவோடு சண்டை பிடித்தவள் நான்.

பதினாறாம் நாள் நிலாவுக்கும் வந்தது. அவளுக்குப் பெருமை. வகுப்பில் இவளுக்கு மட்டும்தான் இன்னும் வரவில்லையாம். உடம்பெல்லாம் வெள்ளை மருந்து பூசிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். “அம்மா, இப்ப அவ என்ட அறைக்கு வந்திட்டா” என்றாள், அந்த விருந்தாளியை நினைத்து. வசந்தன் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர்தான் அவளுக்குப் பூசுகிறார். எனக்குப் பிள்ளையின் அறை வாசல்வரைதான் அனுமதி. வாசலில் நின்று கதை சொல்கிறேன். கட்டிப்பிடிக்கச் சொல்லிக் கேட்கிறாள். ஏலாது என்கிறேன். “ஆதியை மட்டும் பிடிச்சுக்கொண்டு படுத்தனீங்கள்” என்கிறாள். நான் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

அம்மாவுக்கு இரண்டு நாள் நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே எடுத்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. “கையைக் காட்டு” என்றார். காட்டினேன். “மற்றப் பக்கம். கழுத்து. காதுக்குப் பின்னால. வெளிச்சத்துக்கு வா.” அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இங்கே பதினொரு மணிக்கு அம்மா என் தோலைப் பார்க்கிறார். அந்த நேரத்தில் சூரியன் மலைக்கு மேல் கொஞ்சம் தலைகாட்டும், குசினி ஜன்னலில் வெளிச்சம் விழும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைபேசியை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பார். எனக்கு அவருடைய நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரியும். பார்த்து முடித்ததும், “ஒண்டும் இல்லை. சாப்பிடு” என்று வைத்துவிடுவார். அந்த ஒன்றுமில்லை உண்மையா என்று நான் திரும்ப ஒருதரம் கண்ணாடியில் பார்த்துக்கொள்வேன்.

இன்று காலை குளித்துவிட்டு வரும்போது இடது மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. மிளகளவு. தண்ணீர் இல்லை, வலி இல்லை. கம்பளிச் சட்டையின் கை உரசும் இடம். காய்ச்சல் இல்லை, முப்பத்தாறு தசம் எட்டு. பேனையால் சுற்றிக் கோடு போட்டேன், பெரிதானால் தெரியட்டும் என்று. சுகாதார நிலையத்துக்கு எடுத்தேன். நாளை காலை பின்கதவுக்கு வரச் சொன்னார்கள், தண்ணீர் வைத்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே எடுக்கச் சொன்னார்கள். வசந்தன் பார்த்துவிட்டு, “சட்டை உரசினதுதானப்பா” என்றார். பிறகு பனியள்ளும் சவளை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஏற்கெனவே அள்ளிய இடத்தையே திரும்ப அள்ளினார்.

பதினொரு மணிக்கு அம்மா எடுத்தார். நான் கேட்காமலே மணிக்கட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

அம்மா பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். “கிட்டப் பிடி.” பிடித்தேன். “கொஞ்சம் எட்ட.” பிடித்தேன். அவர் சொல்லப்போகும் ஓம் அல்லது இல்லை எதுவானாலும் நம்பக்கூடாது என்று என்னைத் தயார்படுத்திக்கொண்டேன். ஆனாலும் கேட்டேன்.

“சொல்லுங்கோ அம்மா.”

அம்மாவின் வாய் ஒருமுறை திறந்து மூடியது.

“தெரியேல்ல, பிள்ளை,” என்றார். “உண்மையா எனக்குத் தெரியேல்ல.”

என் வாழ்நாளில் அம்மா என்னிடம் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்வரை இரண்டுபேரும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.